முப்பது கதிரையும் ஆறு யார் வெள்ளைத் துணியும்

முப்பது கதிரை கேட்டது நான்தான். கரையில்லாத வெள்ளைத் துணி ஆறு யார் அளந்து வாங்கியதும் நான்தான். ஆகவே அன்றைக்கு மண்கும்பானில் எங்கள் வளவில் நடந்த கூத்துக்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. மகள் தாரிகா இன்றைக்கும் போனில் பேசும்போது, "அம்மா, என்ரை யோசனையாலைதான் எல்லாம்" என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வாள். அவள் பதினொரு வருடமாகச் சுவிசில் இருக்கிறாள், அவளுக்கு மறந்திருக்கலாம். இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டிய எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் தில்லைநாதன். இருபத்தெட்டு வருடம் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். அந்தக் கடையில் இருந்து அவர் ஊருக்குக் கொடுத்ததில் அரிசியும் சீனியும் முடிந்துபோய்விட்டன. பட்டப்பெயர்கள் மட்டும் இன்னும் இருக்கின்றன. கடையில் சாமான் நிறுத்துக் கொடுத்த மாக்கிறேற் ஒரு மணி அரிசி கூடப் போடமாட்டாள், அவள் 'தராசு'. எப்போது போனாலும் நாளைக்கு வரச்சொல்லும் கந்தோர்க்காரர் ஒருவர் 'நாளைக்கு'. அவருடைய பிள்ளைகளையே ஊரார் நாளைக்கின் மகன், நாளைக்கின் மகள் என்றுதான் சொல்வார்கள். எனக்கு வைத்த பெயர் 'குக்கர்'. காரணத்தை நான் சொல்லப்போவதில்லை. இதை வாசித்து முடிக்கும்போது உங்களுக்கே விளங்கிவிடும்.

இரண்டு வீடு தள்ளியிருக்கும் பரராசசிங்கம் அண்ணைக்கு இடது கால் சிறுவயதிலேயே சூம்பிப் போனது. அவர் 'ஒன்றரை'. அது மட்டும் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஒரு மனிதரின் குறையைச் சொல்லி ஊர் முழுக்கச் சிரிப்பதா என்று கலியாணம் முடித்த புதிதிலேயே சண்டை பிடித்தேன். "அவன் கோவிக்கிறேல்லையே, உமக்கென்ன?" என்றார். கோவிக்கவில்லைத்தான். நாற்பது வருடமாகப் பின்னேரம் நாலரை மணி அடித்தால் இரண்டு பேரும் கடற்கரைக்கு நடந்துபோவார்கள், இருட்டுகிற நேரம் திரும்பி வருவார்கள். அப்படி என்னதான் கதைப்பார்களோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

தைப்பொங்கல் முடிந்து நாலாம் நாள் இவருக்குப் பாரிசவாதம் வந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது காலும் கையும் இழுத்துக்கொண்டன, வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, பேச்சு குழறியது. யாழ்ப்பாணத்தில் மூன்று கிழமை வைத்திருந்து வீட்டுக்கு விட்டார்கள். பொல்லை ஊன்றி வெளியே நடக்கவேண்டும், நடக்காவிட்டால் கால் விறைத்துவிடும் என்று வைத்தியர் எனக்குத் தனியாகவும் சொன்னார், இவருக்கு முன்னாலும் சொன்னார். வாய்க்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். கஷ்டமான சொல் ஒன்றை எடுத்து, துண்டு துண்டாகச் சொல்லிப் பழகவேண்டுமாம்.

வாய்ப் பயிற்சியை ஒழுங்காகச் செய்தார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு காலையும் மாலையும் 'ப... ர... ப... ர...' என்று ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். நான் போனால் நிறுத்திவிடுவார். ஆனால் படலையைத் தாண்டமாட்டார். படலை என்ன, முற்றத்துக்கே வரமாட்டார். யாராவது பார்க்க வந்தால் "நித்திரை எண்டு சொல்லும்" என்பார். பரராசசிங்கம் அண்ணை முதல் மாதத்தில் ஐந்து தரம் வந்தார். ஐந்து தரமும் இவர் நித்திரை. ஆறாம் தரம் அவர் வரவில்லை. பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

ஏன் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். கட்டிலில் இருந்து சுவரைப் பார்த்தபடி சொன்னார். அவர் சொன்னதை நான் இங்கே நேராக எழுதுகிறேன், அவர் வாயில் அது இப்படி வரவில்லை, பாதி எழுத்துகள் காற்றாகப் போய்விட்டன. "நான் ஊரிலை எல்லாருக்கும் பேர் வைச்சனான். இப்ப என்ரை வாயைப் பாத்தால், காலைப் பாத்தால், எனக்கு என்ன பேர் வைப்பினம்? நானாயிருந்தால் என்ன வைச்சிருப்பன் எண்டு எனக்குத் தெரியும், பூரணம்."

பூரணம். அதுவும் ஒரு விசயம். வருத்தம் வந்த நாளில் இருந்து அவர் என்னை அன்னபூரணம் என்றோ பூரணம் என்றோதான் கூப்பிட்டார். விருந்துக்குப் போன வீட்டுக்காரியைக் கூப்பிடுகிற மாதிரி. முப்பத்தைந்து வருடம் 'குக்கர்' என்றதற்குச் சண்டை பிடித்தவள் நான். இந்த ஏழு மாதமும் அந்தச் சொல்லைக் கேட்க ஏங்கினேன். யாரிடம் போய் இதைச் சொல்வது?

ஆவணியில் தாரிகா வந்தாள். இரண்டு கிழமை லீவு. வருவதை ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை, அப்பாவைப் பார்க்கத்தானே வருகிறாள் என்று விட்டுவிட்டோம். பெட்டியைத் திறந்து செங்கல் அளவில் ஒரு சாமானை எடுத்து மேசையில் வைத்தாள். சுவரில் படம் விழுத்துகிற மெசினாம். அங்கே கோடை காலத்தில் வீட்டுக்குப் பின்னால் புல்லில் கதிரைகளைப் போட்டு, துணி கட்டி, அயலவரைக் கூப்பிட்டுப் படம் பார்ப்பார்களாம்.

"அப்பா, எங்கடை பின்வளவிலை ஒருநாள் போடுவமே? பத்து வீட்டுக்குச் சொல்லுவம்."

"எனக்கு ஏலாது பிள்ளை."

"இருட்டிலை எல்லாரும் படத்தைத்தான் பாப்பினம் அப்பா. உங்களை ஆரும் பாக்கமாட்டினம்."

"பாப்பினம். நான் பாக்கிறனான், எனக்குத் தெரியும்."

தாரிகா என் மகள். லேசில் விடமாட்டாள். மெல்லிய துணி என்றால் பின்பக்கத்திலும் படம் தெரியும், இடம் வலம் மட்டும் மாறியிருக்கும் என்றாள். "நீங்கள் துணிக்குப் பின்னாலை, குசினி வாசலிலை கதிரையைப் போட்டுக்கொண்டு இருங்கோ. சனம் அந்தப் பக்கம். ஒருத்தருக்கும் தெரியாது."

இவர் மெசினை ஒரு தரம் தடவிப் பார்த்தார். "நித்திரை எண்டு சொல்லவேணும்" என்றார். அது சம்மதம் என்று எங்கள் இருவருக்கும் விளங்கியது.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான். துணிக்கு அந்தப் பக்கம் சனம் சிரிப்பதைக் கேட்டாவது இந்த மனிதர் எழும்பி அங்கே போகவேண்டும். பத்து அடி நடந்தால் போதும். அந்தப் பத்து அடிக்காக நான் எதையும் செய்ய ஆயத்தமாக இருந்தேன்.

அடுத்த நாள் காலமை பஸ் எடுத்துப் போய்த் துணி வாங்கினேன். வீட்டில் இருந்த விரிப்பெல்லாம் பூப் போட்டவை. வேட்டி என்றால் கரை இருக்கும், படத்துக்குக் குறுக்கே கோடு விழும் என்றாள் தாரிகா. ஆகவே கரையில்லாத வெள்ளை, ஆறு யார். கடைக்காரர் துணியை அளந்து வெட்டும்போது என் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். காசை எண்ணாமலே பெட்டிக்குள் போட்டார்.

அங்கிருந்து நேரே சனசமூக நிலையத்துக்குப் போனேன். கதிரைக்குப் பொறுப்பு சுலக்சன். கலியாணம் முடித்து ஒரு குழந்தைக்குத் தகப்பன், நல்ல பொறுப்பான பிள்ளை.

"எத்தினை கதிரை அன்ரி?"

"முப்பது."

"எப்பத்தைக்கு?"

"இண்டைக்குத்தான் தம்பி. இப்பவே கொண்டுவந்து தந்தால் நல்லம்."

எழுதப்போன பேனை நின்றுவிட்டது. இதைப் பற்றித்தான் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றேன். எங்கள் ஊரில் கலியாணத்துக்கு, சாமத்தியச் சடங்குக்கு என்றால் ஒரு மாதத்துக்கு முன்னமே வந்து கதிரை சொல்லிவைப்பார்கள். இன்றைக்கு, இப்பவே என்று வந்து நிற்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான்.

சுலக்சன் எழும்பி நின்றான். "அங்கிள்... எப்பிடி அன்ரி?" என்றான், மெல்லிய குரலில்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மனுசன் படுக்கையில் கிடக்கப் பெண்சாதி படம் காட்டுகிறாள் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு இவரைப் பற்றி என் முகத்தைப் பார்த்து ஒருவர் கேட்டும் கனகாலம் ஆகிவிட்டது. கண் நிரம்பிவிட்டது.

"என்னத்தைச் சொல்ல, தம்பி. பின்னேரம் வாருமன். வந்தால் எல்லாருக்கும் தெரியும்தானே."

"நீங்கள் வெயிலுக்கை நிக்காதேங்கோ அன்ரி. வீட்டை போங்கோ. நான் எல்லாம் பாக்கிறன்."

எவ்வளவு அருமையான பிள்ளை என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

தாரிகா துணியை இரண்டாக வெட்டித் தையல் மெசினில் பொருத்தினாள். தென்னைக்கும் தண்ணீர்த் தாங்கித் தூணுக்கும் நடுவில் கட்டினோம். சோளகக் காற்று வீசுகிற காலம். ஒரு பக்கத்தை இறுக்கினால் மற்றப் பக்கம் பாய்மரம் போலப் புடைத்தது. கீழ் விளிம்பில் கயிறு கோத்து, ஆறு சீமெந்துக் கல்லைக் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் அடங்கியது. படலையில் இருந்து பார்த்தால் வீட்டு ஓரத்தால் அந்த வெள்ளை தெரியும். அதை நான் யோசிக்கவில்லை.

மத்தியானம் சுலக்சன் லான்ட்மாஸ்டரில் கதிரைகளோடு வந்தான். கேட்காமலே இரண்டு மேசையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். தாரிகாவைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"அக்கா எப்ப வந்தவ?"

"நேற்று முந்தநாள். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"பந்தல் போடவேணுமோ அன்ரி?"

"பந்தல் என்னத்துக்கு? வானம் தெரியவேணும்."

அவன் வானத்தைப் பார்த்தான். "எத்தினை மணிக்கு?" என்றான்.

"இருட்டினாப் பிறகுதான். ஏழு மணிக்கு."

"இருட்டினாப் பிறகோ?"

"சுவிசிலை அப்பிடித்தானாம். இவள் அங்கை பழகிப்போனாள்."

சுலக்சன் தாரிகாவை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, கதிரைகளைச் சத்தமில்லாமல் இறக்கினான். ஒன்றை நிலத்தில் வைக்கும்போது 'டொக்' என்று சத்தம் வந்ததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டான்.

ஐந்து மணிக்கு இவரைக் குளிக்கவார்த்து, சேர்ட் போட்டு, குசினி வாசலில் கதிரை போட்டு இருத்தினேன். அவருக்கு முன்னால் துணி, துணிக்கு அங்கால் கதிரைகள். பொல்லை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளைத் துணியைப் பார்த்தபடி இருந்தார். இனித்தான் தாரிகா பத்து வீட்டுக்கும் போய்ப் படம் பார்க்க வரச்சொல்ல வேண்டும். நான் குசினி அடுப்பில் வடைக்கு எண்ணெயை வைத்தேன். என் போன் அறைக்குள் சார்ஜில் கிடந்தது. அதில் பதினேழு பேர் கூப்பிட்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். கனடாவில் இருக்கும் இவருடைய ஒன்றுவிட்ட தம்பி குடும்பக் குழுவில் மலர்வளையப் படமும் போட்டிருந்தார்.

ஐந்தரைக்கு ஊர்காவற்றுறை பஸ் எங்கள் படலையில் நின்றது. முதலில் இறங்கியது மாக்கிறேற். படலையைத் திறந்தபோதே "என்ரை மனேச்சர்!" என்று குரல் வைத்து அழுதுகொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். பாவம், இத்தனை மாதமும் இவரைப் பார்க்க முடியாமல் எவ்வளவு கவலைப்பட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கும் அழ ஒரு தோள் வேண்டியிருந்தது. கையில் கடலைமா ஒட்டியிருக்க, இரண்டு பேரும் நின்று நன்றாக அழுதோம்.

அழுது முடித்து நிமிர்ந்தால் கதிரைகள் நிறைந்திருந்தன. வேலிக்கரையிலும் ஆட்கள் நின்றார்கள். இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தாரிகா என் காதுக்குள் கேட்டாள். "அம்மா, நான் இன்னும் ஒரு வீட்டுக்கும் போகேல்லை. படம் பாக்க ஏன் எல்லாரும் வெள்ளையோடை வந்திருக்கினம்?"

அப்போதுதான் பரராசசிங்கம் அண்ணை படலையால் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துவாய். காலை இழுத்து இழுத்து நேரே துணிக்கு முன்னால் போய் நின்றார். இருக்கச் சொல்லிச் சுலக்சன் கதிரை கொடுத்தான். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"அஞ்சு தரம் வந்தனான்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, துணியைப் பார்த்துத்தான் சொன்னார். "அஞ்சு தரமும் நித்திரை எண்டியள். ஆறாம் தரம் வந்திருக்கவேணும். ரோசம். எனக்கென்ன ரோசம் வேண்டிக்கிடந்தது? முகத்தைக் கூடக் காட்டாமல் போய்ச் சேந்திட்டான்."

அந்த ஒரு சொல்லில் எல்லாம் எனக்கு விளங்கியது. துணி, கதிரை, சுலக்சன் மன்னிப்புக் கேட்டது, எல்லாம். ஐயோ, மனுசன் உயிரோடு இருக்கிறார், பத்தடி தள்ளிக் குசினி வாசலில் இருக்கிறார் என்று கத்த வாயைத் திறந்தேன்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

பிழைதான். இப்போது நினைத்தாலும் அது பிழைதான். அழுதுகொண்டிருக்கிற சனத்தை அப்படி ஒரு நிமிடமேனும் விடக்கூடாது. ஆனால் அவர்கள் சொல்வதெல்லாம் துணிக்கு அந்தப் பக்கம் இவருக்குக் கேட்கும். ஊர் அவரைத் தேடுகிறது என்று ஏழு மாதமாக நான் சொல்லி அவர் நம்பாததை ஊரே வந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. தாரிகா ஏதோ சொல்ல எத்தனித்தாள். அவள் கையைப் பிடித்துக் கிள்ளினேன்.

"சின்னனிலை என்னை எல்லாரும் நொண்டி எண்டுதான் கூப்பிடுறது" என்றார் பரராசசிங்கம் அண்ணை. "வாத்தியாரே அப்பிடித்தான் கூப்பிட்டவர். பத்தொன்பது வயசிலை, சந்தையிலை வைச்சு ஒருத்தன் நொண்டி எண்டான். பக்கத்திலை நிண்ட இவன் சொன்னான், அவன் நொண்டியில்லை, ஒண்டரை, உன்னைவிட அரை கூட எண்டு. சந்தை முழுக்கச் சிரிச்சுது. என்னைப் பாத்தில்லை, அவனைப் பாத்து. அண்டையோடை நொண்டி எண்ட பேர் ஊரிலை இல்லாமல் போச்சு. நாப்பத்தேழு வருசம்." துவாயால் முகத்தைத் துடைத்தார். "இனி என்னை ஒண்டரை எண்டு கூப்பிட ஆர் இருக்கினம்?"

முப்பத்தைந்து வருடம் அந்தப் பெயருக்காக நான் இவரோடு சண்டை பிடித்தேன். ஒரு நாள்கூட இந்தக் கதையை இவர் எனக்குச் சொல்லவில்லை.

சனம் விசும்பியது. சோளகம் துணியைத் தள்ளியது. பரராசசிங்கம் அண்ணை மூக்கை உறிஞ்சினார். பிறகு இன்னொரு தரம் உறிஞ்சினார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, குசினியிலை என்ன பொரியுது?"

அடுப்பில் ஒரு ஈடு வடையை விட்டுவிட்டு வந்திருந்தேன். பிரேதம் கிடக்கிற வீட்டில் அடுப்பு மூட்டமாட்டோம். ஊருக்கே தெரிந்த விசயம். ஒவ்வொரு தலையாகத் திரும்பி என்னைப் பார்த்தது.

"வடை, அண்ணை" என்றேன்.

"வடையோ?"

நான் பதில் சொல்லவேண்டி வரவில்லை. துணிக்குப் பின்னால் பொல்லுச் சத்தம் கேட்டது. ஒரு தட்டு, பிறகு கால் இழுபடுகிற சத்தம், பிறகு ஒரு தட்டு. துணியின் ஓரத்தில் நாலு விரல் வந்து பிடித்தது. யாரோ ஒரு பெண் வீரிட்டாள். மாக்கிறேற் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்தப் பத்தடியை என் வீட்டுக்காரர் நடந்து, இந்தப் பக்கம் வந்து நின்றார்.

எழுபது எண்பது பேர். அத்தனை கண்ணும் அவருடைய வாயில், காலில். எதற்குப் பயந்து ஏழு மாதம் அறைக்குள் கிடந்தாரோ அது அப்படியே நடந்தது. ஓடிப்போய்ப் பிடிக்கவேண்டும் போல இருந்தது. தாரிகா இப்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் ஒருவரையும் பார்க்கவில்லை. பரராசசிங்கம் அண்ணைக்கு முன்னால் போய் நின்று, மூச்சை இழுத்து, வாயைக் கோணலில் இருந்து நேராக்கப் பாடுபட்டுச் சொன்னார்.

"ப... ர... ரா... ச... சிங்... கம்."

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். காலையும் மாலையும் சாத்திய கதவுக்குப் பின்னால் கேட்ட சத்தம். கஷ்டமான ஒரு சொல்லை எடுத்துப் பழகச் சொன்னார்களே, இவர் எடுத்த சொல் அதுதான். ஒருநாளும் வாயால் சொல்லியிராத தன் கூட்டாளியின் உண்மைப் பெயர். மன்னிப்புக் கேட்கப் பழகியிருக்கிறார், ஏழு மாதம். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

பரராசசிங்கம் அண்ணை இவரை மேலும் கீழும் பார்த்தார். தோளைத் தொட்டுப் பார்த்தார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவர் முகம் சுருங்கியது.

"என்ன காணும், என்னோடை கோவமோ?"

இவர் திகைத்துப்போனார்.

"முழுப்பேர் சொல்லிக் கூப்பிடுறீர்? கோட்டிலை நீதவான் கூப்பிடுற மாதிரி? நான் என்ன குற்றம் செய்தனான்?"

இவருடைய வாய் அசைந்தது. பிறகு, கோணல் வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போனது. அது சிரிப்பு என்று எனக்கு மட்டும்தான் உடனே தெரிந்தது.

"ஒண்டரை" என்றார்.

அதற்குப் பயிற்சி வேண்டியிருக்கவில்லை. ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"ஓம்" என்றார் பரராசசிங்கம் அண்ணை. அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது. இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யார் யாரைத் தாங்கினார்கள் என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இவர் சனத்தைப் பார்த்தார். அந்தப் பயம் லேசில் விடுமா, அதையும் கேட்டார். குழறிக் குழறித்தான் கேட்டார். "எனக்கு... என்ன பேர்... வைச்சிருக்கிறியள்?"

பரராசசிங்கம் அண்ணைதான் சொன்னார். "உமக்கு ஆர் பேர் வைக்கிறது? ஊரிலை பேர் வைக்கிற ஆள் நீர்தானே. நீர் உள்ளை போய்ப் படுத்தாப் பிறகு இந்த ஊரிலை ஒருத்தருக்கும் பேர் வைபடேல்லை. பள்ளிக்கூடத்துக்குப் புது அதிபர் வந்து நாலு மாசம். இன்னும் பேரில்லாமல்தான் அந்த மனுசன் திரியுது."

"ஓம் மனேச்சர்" என்றாள் மாக்கிறேற், மூக்கைச் சிந்திக்கொண்டு. "எங்கடை பக்கம் புதுசா வந்த டொக்டருக்கும் இல்லை."

இவர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். எனக்கு அந்த முகத்தை விவரிக்கத் தெரியாது. கனநாள் பூட்டிக்கிடந்த கடையைத் திறந்து பார்த்தால் சாமான் எல்லாம் அப்படியே இருந்தது போன்ற ஒரு முகம். பிறகு அவர் கண் மெல்ல மெல்லச் சனத்துக்குள் தேடியது. கடைசிக் கதிரைக்குப் பின்னால் ஒளித்து நின்ற சுலக்சனில் வந்து நின்றது.

"ஊருக்கு... சொன்னது... நீரோ?"

"அங்கிள்... அன்ரி அழுதவ... நான் நினைச்சன்..."

பொல்லைத் தூக்கி அவனைக் காட்டினார். "மரண அறிவித்தல்" என்றார்.

வளவு அதிர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பை எங்கள் வீட்டில் கலியாணத்தன்று கூட நான் கேட்கவில்லை. சுலக்சனும்தான் சிரித்தான். அவனுக்கு வேறு வழியில்லை. அவனுடைய பேரப்பிள்ளைகள் வரைக்கும் அந்தப் பெயர் போகும் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

"இண்டைக்கு ஒருத்தரும் வீட்டை போய்க் குளிக்கத் தேவையில்லை" என்றார் பரராசசிங்கம் அண்ணை. "என்னத்துக்கு இந்தத் துணி? ஆராவது சொல்லுங்கோவன்."

தாரிகா சொன்னாள். படம் என்றதும் போக எழும்பினவர்களும் இருந்துவிட்டார்கள். கதிரை போதாமல் பாய் விரித்தோம். வெளிச்சம் முழுக்கப் போகும்வரை காத்திருந்து, ஏழு மணிக்குத் தாரிகா மெசினைப் போட்டாள். ஒரு பழைய சிரிப்புப் படம். இரண்டு திருடர்கள் ஒரு மாட்டைக் களவெடுத்துவிட்டு, அது படுக்கிற இடத்தை விட்டு எழும்பாமல் அடம்பிடிக்க, விடியவிடிய அதோடு மல்லுக்கட்டுவார்கள். காற்று அடிக்கும்போது மாடு பெருத்துச் சிறுத்தது. அதற்கும் சனம் சிரித்தது.

இவர் முன்வரிசையில் இருந்தார், பக்கத்தில் பரராசசிங்கம் அண்ணை. தாரிகா சொன்னது சரிதான், படம் தொடங்கிய பிறகு ஒருவரும் இவரைப் பார்க்கவில்லை. நாளைக்கு நாலரைக்கு வருவேன், நித்திரை என்றால் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போவேன் என்று அண்ணை சொன்னதும், "முதல்லை உம்மடை காலைத் தூக்கும்" என்று இவர் சொன்னதும் எனக்குக் குசினிவரை கேட்டது.

எண்பது பேருக்கு வடை எங்கே போதும்? இருந்த மாவுக்குள் இன்னும் கொஞ்சம் வெங்காயத்தை வெட்டிப்போட்டு, சின்னதாகத் தட்டித் தட்டி எண்ணெய்க்குள் விட்டுக்கொண்டிருந்தேன். கரிந்துபோன முதல் ஈட்டை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருந்தேன். துணியின் பின்பக்கம் எனக்கு முன்னால் இருந்தது. மாடு மறுபக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தது.

அப்போது முன்வரிசையில் இருந்து அந்தக் குரல் வந்தது. குழறலாகத்தான் வந்தது. ஆனால் சங்கக்கடையில் இருந்து கூப்பிட்ட அதே உரத்த குரல்.

"குக்கர்! வடை எங்கை?"

அகப்பை கையில் இருக்க அப்படியே நின்றேன். எண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது. கண்ணைத் துடைக்கப் போய்க் கையிலிருந்த வெங்காயம் பட்டு இன்னும் எரிந்தது.

"வாறன்! ஏன் கத்துறியள்? எனக்கென்ன பத்துக் கையோ?" என்று, விசில் அடித்த மாதிரி, அவரைவிடப் பெரிதாக நானும் கத்தினேன்.